கயிறு, அறுபது மீட்டர்

வைகோரா என்பது ஊர்.
வை என்றால் அங்கே நீர்.
நான் இதை எழுதும் மொழியில்
வை என்றால்
எடுத்ததை எடுத்த இடத்தில் வை,
வருகிறவனுக்கும் கொஞ்சம் வை.

மாவட்ட மன்றத்தில் அன்று
பொருள்கள் பதினேழு.
நூலகக் கூரை. நாய் உரிமக் கட்டணம்.
மேட்டுத்தெருக் குழாய்கள் ராத்திரியில் கசிய விடுவது
நாற்பது லாரித் தண்ணீர்
(அதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரச் சண்டை,
மீட்டர் வைத்தால் ஓட்டுப் போகும் என்று ஒருவர்,
வைக்காவிட்டால் ஆறு போகும் என்று ஒருவர்).
கடைசியாக
எல்லோரும் கோட்டைத் தேடுகிற நேரத்தில்
கயிறு.

சிப்பி வளர்ப்பவர்கள் கடலில் தொங்கவிடுகிற
சடை சடையாய்ப் பிரிந்த முரட்டுக் கயிறு.
டவுடிங் தெருவுக்கு அடியில் ஓடும்
மதகுக் குழாய்க்குள் கட்ட.

எதற்கு? என்றார் தலைவர்.

மீனுக்கு, என்றாள் நைரீ டிபோக்கி.
நீரோடைப் பிரிவின் தலைமை அவள்,
ஊழியர்களும் அவள்,
பிரிவின் வண்டிக்கு டயர் மாற்றுவதும் அவள்.

வசந்தத்தில் கடலிலிருந்து ஏறி வரும் இனாங்கா.
விரற்கடை நீளம்.
செய்தித்தாள் மேல் வைத்தால்
உடம்பின் வழியாக விளம்பரம் படிக்கலாம்.
அலையைத் தாண்டி, வாத்தைத் தாண்டி,
வலையோடு நிற்கும் நம் எல்லோரையும் தாண்டி
டவுடிங் தெருவில் வந்து நின்றுவிடுகிறது.
குழாயின் வாய்
ஓடைக்கு ஒரு சாண் மேலே.

எண்சாண் உடம்புகள் பதினொன்று
அந்த ஒரு சாணைப் பற்றி யோசித்தன.

குழாயைப் பதித்தது யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
மூன்றாவது நாற்காலியில்
கீத் ஹால்டேன், முன்னாள் பொறியாளர்,
பேனா மூடியைத் திறந்து மூடினார்.
அப்போது, என்றார்,
மழைத்தண்ணீரைச் சீக்கிரம் அனுப்பு என்றீர்கள்.
அனுப்பினேன்.
எதிரே ஒன்று வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆறுக்கு நான்கு.
அவர் வாக்களிக்கவில்லை.

சனிக்கிழமை.
இடுப்பளவு ரப்பர் காலணியில் நைரீ குழாய்க்குள்.
கரையில் ஹால்டேன், நல்ல சட்டையோடு,
வழிதவறி வந்தவர் போல.
துளைக்கருவி சுழலத் தொடங்கியதும்
அங்கே வேண்டாம், என்றார்.

தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.
குனிந்து, சட்டைக்கை நனைய,
குழாயின் வாய்க்குள் தலையை விட்டுக் கத்தினார்:
அங்கே பொக்கை! அன்றைக்கு சிமெண்ட் பற்றவில்லை.
மேலே பூசிவிட்டோம்.

கத்தியது குழாயின் மறுமுனை வரை போய்
டவுடிங் தெருவின் அந்தப் பக்கம்
நாயோடு நடந்த ஒருத்திக்கும் கேட்டது.

வேறு எங்கே? என்றாள் நைரீ.
வலது பக்கம், நான்கு அடி உள்ளே, என்றார்.
இந்த உரையாடல்
எந்த நடவடிக்கைக் குறிப்பிலும் இல்லை.

முதல் ராத்திரி
விளக்கோடு போனாள். ஒன்றுமில்லை.
இரண்டாம் ராத்திரி ஒரு விலாங்கு,
அதற்குக் கயிறே தேவையில்லை.
மூன்றாம் நாள் மழை.
ஐந்தாம் நாள் எண்ணினாள்,
நம்பாமல் திரும்ப எண்ணினாள்.
ஏழு.

எழுநூறு என்று எழுதியிருந்தால்
அடுத்த ஆண்டும் நிதி வரும்.
ஈரக் கட்டைவிரலால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு
ஏழு என்றே எழுதினாள்.

எட்டாவது ஒன்று
கயிற்றுச் சடையில் ஒதுங்கி
பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

விளக்கை அணைத்தாள்.